மூளையின் துணைச் செல்களும் தாவர ஃபிளேவனாய்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் நீண்ட காலம் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாணப் பந்தியிலும், கோயில் திருவிழாவுக்கு ஊர் கூடும்போதும், மாலையில் நண்பர் வீட்டுத் திண்ணையிலும், உணவையும் மூளையையும் சேர்த்து என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்த விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருவதால், தொடக்கத்தைத் தாண்டிக் கடைசிக்குப் போகிறவர்களுக்குப் பாதி விளங்காது.

ஃபிளேவனாய்டு என்றால் என்ன? அதுவும் ஒரு வைட்டமினா?

இரண்டு பென்சீன் வளையங்களும் அவற்றை இணைக்கும் மூன்று கார்பன்களும் சேர்ந்த பதினைந்து கார்பன் எலும்புக்கூட்டைக் கொண்ட தாவரச் சேர்மங்கள் ஃபிளேவனாய்டுகள். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கவும், பூச்சிகளை விரட்டவும், வேண்டிய பூச்சிகளை நிறத்தால் அழைக்கவும் தாவரம் தனக்காகச் செய்துகொள்பவை அவை. நமக்காகச் செய்தவை அல்ல. சின்ன வெங்காயத்திலும் முருங்கைக் கீரையிலும் குவெர்செட்டின், கவுனி அரிசியின் கறுப்பிலும் கத்தரிக்காய்த் தோலின் ஊதாவிலும் ஆந்தோசயனின், தேயிலையில் கேட்டச்சின், ஆரஞ்சுப் பழத்தின் தோலிலும் வெள்ளை நாரிலும் ஹெஸ்பெரிடின் என்று நம் வீட்டுச் சமையலறையிலேயே இந்தக் குடும்பத்தின் முக்கியமான கிளைகள் எல்லாம் இருக்கின்றன.

வைட்டமின் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1936-இல் ஹங்கேரியின் ஆல்பர்ட் செயின்ட்-ஜியார்ஜி, எலுமிச்சையிலிருந்தும் குடைமிளகாயிலிருந்தும் பிரித்த ஃபிளேவனாய்டுக் கலவைக்கு, ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்தைச் சேர்த்து வைட்டமின் பெயர் சூட்டினார். (தமிழில் எழுதினால் அதுவும் ‘பி’ தான், பி12-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆனால் அது இல்லாவிட்டால் இன்ன நோய் வரும் என்று யாராலும் காட்ட முடியாததால் அந்தப் பெயர் பிற்பாடு கைவிடப்பட்டது.

மஞ்சள், மிளகு, கல்பாசி எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வராது. மஞ்சளின் குர்குமின் பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததே தவிர ஃபிளேவனாய்டு அல்ல. மிளகின் பைப்பரின் ஆல்கலாய்டு என்ற வேறு வகைச் சேர்மம். கல்பாசி தாவரமே அல்ல. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்.

துணைச் செல் என்கிறீர்களே, அது நரம்புச் செல்களான நியூரான்களை ஒட்டி வைக்கும் பசை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

அந்தக் கருத்துக்கு வயது அதிகம். 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, நரம்புகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் பொருளை நரம்புப் பசை என்ற பொருளில் நியூரோகிளியா என்றழைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் மட்டும் மாறிவிட்டது. இன்று கிளியா செல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தத் துணைச் செல்களில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். நட்சத்திரம் போலக் கைகளை விரித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட், அதாவது விண்மீன் செல். காவலும் துப்புரவும் பார்க்கும் மைக்ரோகிளியா. நரம்பிழைகளுக்கு மயலின் உறை சுற்றும் ஒலிகோடென்ட்ரோசைட். பின்னவை இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காட்டியவர் ஸ்பெயினின் ரியோ-ஹோர்டேகா.

நியூரானைப் போலப் பத்து மடங்கு கிளியா உண்டு என்ற பழைய கணக்கும் தவறு. மூளைத் திசுவைக் கரைசலாக்கி, அதிலுள்ள உட்கருக்களை எண்ணும் முறையால், 2009-இல் பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களும் ஏறத்தாழ அதே அளவு மற்ற செல்களும் இருப்பதாகக் காட்டினர்.

அப்படியானால் விண்மீன் செல் நியூரானுக்கு என்னதான் செய்கிறது?

நம் ஊர்ப் பெரிய வீட்டில் கல்யாணம் நடக்கும்போது வந்தவர்கள் பார்ப்பது முகப்பையும் வளவையும்தான். பின்கட்டில் அடுப்பு எரியாவிட்டால், எச்சில் இலை எடுக்கப்படாவிட்டால், தண்ணீர் வராவிட்டால் முகப்பில் நடப்பது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விண்மீன் செல் மூளையின் பின்கட்டு.

ஒரு நியூரான் அடுத்ததற்குச் செய்தி சொல்லக் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது அங்கேயே தேங்கினால் கேட்கும் நியூரான் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுச் சாகும். விண்மீன் செல் அதை உடனுக்குடன் உறிஞ்சி, குளுட்டமின் என்ற தீங்கற்ற வடிவமாக்கி, மீண்டும் நியூரானுக்கே திருப்பித் தருகிறது. இரத்தக் குழாய்களைத் தன் பாதங்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸை வாங்கி, அதில் ஒரு பகுதியை லாக்டேட்டாக மாற்றி நியூரானுக்கு எரிபொருளாகக் கொடுக்கிறது என்ற கருத்தை 1994-இல் பெல்லரின், மாஜிஸ்ட்ரெட்டி என்ற இருவர் முன்வைத்தனர். அது எவ்வளவு நடக்கிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளான சினாப்சுகள் உருவாவதற்கும் விண்மீன் செல் சுரக்கும் புரதங்கள் தேவை. அருகில் இந்தச் செல்கள் இல்லாமல் வளர்க்கப்படும் நியூரான்கள் மிகக் குறைந்த சினாப்சுகளையே அமைக்கின்றன.

நம் பேச்சுக்கு முக்கியமானது குளுட்டாதயோன். செல்களை ஆக்சிஜன் சார்ந்த சேதத்திலிருந்து காக்கும் இந்தச் சிறு மூலக்கூறை விண்மீன் செல் நிறையச் செய்து வெளியிடுகிறது. வெளியில் அது உடைபட்டு வரும் துண்டுகளைக் கொண்டுதான் நியூரான் தன் பங்கைச் செய்துகொள்கிறது. இந்தக் குறிப்பு பின்னால் இருமுறை வரும்.

வெங்காயம் சாப்பிட்டால் குவெர்செட்டின் அப்படியே மூளைக்குப் போய்விடுமா?

அப்படியே போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெங்காயத்தில் குவெர்செட்டின் தனியாக இல்லை. குளுக்கோஸ் என்ற சர்க்கரையைச் சுமந்தபடி இருக்கிறது. சிறுகுடலின் சுவரிலுள்ள நொதி அந்தச் சர்க்கரையை வெட்டிய பின்புதான் பெரும்பகுதி உள்ளே நுழைகிறது. எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். 1995-இல் நெதர்லாந்தில் ஹோல்மன் குழுவினர், பெருங்குடல் நீக்கப்பட்ட ஒன்பது பேரிடம் நடத்திய ஆய்வில், வெங்காயத்தின் குவெர்செட்டின் ஏறத்தாழ 52 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. வேறு சர்க்கரை ஒட்டிய ரூட்டின் வடிவத்தில் 17 விழுக்காடுதான். ஆரஞ்சின் ஹெஸ்பெரிடினும் ரூட்டினைப் போன்றதே. பெருங்குடல் பாக்டீரியா அதன் சர்க்கரையை அகற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

குடற்சுவரையும் கல்லீரலையும் கடக்கும்போது அந்த மூலக்கூறுக்கு மூன்று வகை மாற்றங்கள் நிகழ்கின்றன. குளுக்குரோனிக் அமிலம் ஒட்டப்படுகிறது, சல்ஃபேட் ஒட்டப்படுகிறது, மீத்தைல் குழு ஒட்டப்படுகிறது. ஆகவே இரத்தத்தில் சுற்றுவது நாம் தின்ற சேர்மம் அல்ல, அதன் உடை மாற்றிய வடிவங்கள். உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போனதைப் பாக்டீரியாக்கள் வளையத்தையே உடைத்துச் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாக்குகின்றன. அவையும் இரத்தத்தில் சேர்கின்றன. “இந்தக் காயில் இந்தச் சத்து, அது மூளைக்கு நல்லது” என்று ஒரே வரியில் சொல்பவர்கள் தாண்டிச் செல்வது இந்த நீண்ட பாதையைத்தான்.

மிளகு சேர்த்தால் சத்து நன்றாக ஏறும் என்கிறார்களே?

1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று, பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமினின் அளவு பல மடங்கு உயர்ந்ததைக் காட்டியது. குளுக்குரோனிக் அமிலம் ஒட்டும் வேலையைப் பைப்பரின் தடுப்பது ஒரு காரணம். அது மஞ்சளைப் பற்றிய செய்தி. அதை வெங்காயத்துக்கும் கவுனி அரிசிக்கும் நீட்டிச் சொல்ல நான் துணியமாட்டேன். மேலும் அதே தடுப்பு, உட்கொள்ளும் மாத்திரைகளின் அளவையும் உயர்த்தக்கூடும்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் கவுனரிசி இல்லாமல் பந்தி கிடையாது. அந்தக் கறுப்பு மூளைக்கு நல்லதாமே?

பர்மாவோடு கொண்டுவிற்ற காலத்திலிருந்து நம் பந்தியில் இடம்பிடித்த இந்த அரிசியின் நிறம், தவிட்டு அடுக்கிலுள்ள ஆந்தோசயனின்களால் வருகிறது; அவற்றுள் முதன்மையானது சயனிடின் குளுக்கோசைடு. இது நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும், புளிப்பில் சிவந்து, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையில் நீலமாகும். இரவு ஊறவைத்த தண்ணீர் கருநீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் நிறத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கும் ஆச்சிமார்களின் வழக்கம் இந்த வகையில் சரியானது.

ஆந்தோசயனின் மாறாத வடிவில் உடலில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் இங்கிலாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கார்பன்-13 என்ற கனமான கார்பனால் அடையாளமிட்ட சயனிடின் குளுக்கோசைடு 500 மில்லிகிராமை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, சிறுநீரிலும் மூச்சுக் காற்றிலும் அந்த அடையாளத்தைத் தேடியபோது, உடைந்த வடிவங்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 விழுக்காடு உடலுக்குள் போயிருந்தது தெரிந்தது. கவுனி அரிசியில் நாம் சேர்க்கும் சர்க்கரையும் நெய்யும் முழுமையாக உள்ளே போகும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இதே வரிசையில் இன்னொன்று: கோசமல்லிக்குக் கத்தரிக்காயை வேகவைத்துத் தோலை உரித்துப் பிசையும்போது அதன் ஆந்தோசயனின் தோலோடு போய்விடுகிறது. சுவைக்காகச் செய்யும் பதார்த்தம் அது, சுவைக்காகவே உண்ணலாம்.

மூளைக்குள் எதையும் விடாத தடுப்பு இருக்கிறதே, அதை எப்படித் தாண்டுகிறது?

மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றித் தைக்கப்பட்டவை போல ஒட்டியிருக்கின்றன. வெளியே விண்மீன் செல்லின் பாதங்கள் அணைத்திருக்கின்றன. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் எளிதாக ஊடுருவும். சல்ஃபேட்டையோ குளுக்குரோனிக் அமிலத்தையோ சுமப்பவை திணறும். மீத்தைல் ஒட்டியவைக்கு வாய்ப்பு அதிகம். ஆரஞ்சு வகைப் பழங்களிலிருந்து வரும் ஹெஸ்பெரெட்டின் (சர்க்கரை நீங்கிய ஹெஸ்பெரிடின்), நரிஞ்செனின் ஆகியவை செல் வளர்ப்பில் அமைக்கப்பட்ட தடுப்புச் சுவரை மற்றவற்றைவிட நன்றாகக் கடந்திருக்கின்றன. உள்ளே வந்ததையும் வெளியே தள்ளும் பம்புப் புரதங்கள் அந்தச் சுவரில் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு மூளையில் மிஞ்சுவது பெரும்பாலும் நானோமோலார் என்ற மிக நுண்ணிய செறிவுதான்.

உள்ளே போன பிறகு துணைச் செல் அதை என்ன செய்கிறது?

இந்தத் தொகுப்பின் மையக் கேள்வி இது. துணைச் செல் ஃபிளேவனாய்டை வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை. அதை மறுபடியும் மாற்றுகிறது. விண்மீன் செல்லிலும் மைக்ரோகிளியாவிலும் கேட்டகால் மீத்தைல் மாற்றி என்ற நொதி இருக்கிறது. டோபமின் போன்ற செய்திப் பொருள்களைச் செயலிழக்கச் செய்வது இதன் வழக்கமான வேலை. குவெர்செட்டினின் ஒரு வளையம் டோபமினின் வளையத்தைப் போலவே அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் குழுக்களைக் கொண்டிருப்பதால், நொதி அதிலும் மீத்தைலை ஒட்டிவிடுகிறது. விளைவு ஐசோராம்னெட்டின் என்ற மீத்தைல் ஒட்டிய வடிவம், கல்லீரலும் இதையே செய்கிறது. குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிகளும் எலியின் விண்மீன் செல்களில் காணப்பட்டிருக்கின்றன. அதாவது கல்லீரல் செய்யும் பக்குவத்தைச் சிறு அளவில் மூளையின் பின்கட்டும் செய்கிறது; பக்குவமானதை வெளியே தள்ளக் கடத்திப் புரதங்களும் அங்கே உள்ளன.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இறந்தவர்களின் மூளைத் திசுவில் குவெர்செட்டின் குளுக்குரோனைடை, அதாவது குளுக்குரோனிக் அமிலம் ஒட்டிய குவெர்செட்டினை, தேடியபோது, மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் பின்னலின் மேற்செல்களிலும், அண்மையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்த பகுதியில் குவிந்த பெருவிழுங்கிச் செல்களிலும் அது சேர்ந்திருப்பதைக் கண்டனர். அழற்சியின்போது இத்தகைய விழுங்கும் செல்கள் குளுக்குரோனிக் அமிலத்தை வெட்டும் நொதியைக் கொண்டு ஒட்டியதைப் பிரித்து, செயலுள்ள குவெர்செட்டினை மீண்டும் விடுவிக்கக்கூடும். பூட்டிய பெட்டியாகச் சுற்றி வரும் பொருள், சேதம் நடந்த இடத்தில் மட்டும் திறக்கப்படுகிறது என்ற இந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் உயிருள்ள மனித மூளையில் எவ்வளவு திறக்கப்படுகிறது என்று அளந்து சொல்ல இன்னும் வழியில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் என்று பாக்கெட்டில் போடுவது இதைத்தானா?

இல்லை, இந்த ஒரு சொல்லால் வந்த குழப்பமே அதிகம். சோதனைக் குழாயில் ஃபிளேவனாய்டு, செல்லைச் சேதப்படுத்தும் தீவிர மூலக்கூறுகளை நேரடியாக அணைப்பது உண்மை. மூளையிலோ குளுட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. ஒரு மில்லிமோலார் என்பது பத்து லட்சம் நானோமோலார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஒருவர் கூடுதலாக ஒரு செம்பு ஊற்றுவதால் தீ அணையாது.

ஆனால் அந்த ஒருவர் மணியடித்தால் கதை வேறு. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்து அழித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த ஃபிளேவனாய்டு கீப்1-இன் கந்தகப் பகுதிகளைத் தீண்டும்போது பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று குளுட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள் உள்ளிட்ட பாதுகாப்பு மரபணுக்களை இயக்குகிறது. இந்த ஏற்பாடு நியூரானில் மந்தமாகவும் விண்மீன் செல்லில் வலுவாகவும் இருக்கிறது. விண்மீன் செல்லின் குளுட்டாதயோனை நம்பித்தான் நியூரான் இருக்கிறது என்று முன்னே சொன்னேன். ஆகவே சிறிதளவு ஃபிளேவனாய்டு நியூரானைத் தொடாமலேயே அதற்குக் காப்பு கூட்ட முடியும்.

மைக்ரோகிளியாவை அது அமைதிப்படுத்தும் என்கிறார்களே, உண்மையா?

செல் வளர்ப்பில் உண்மை. பாக்டீரியாவின் சுவர்ப் பொருளைக் கொடுத்தால் மைக்ரோகிளியா கொதித்தெழுந்து அழற்சிப் புரதங்களை வெளியிடும். லூட்டியோலின் என்ற ஃபிளேவனாய்டு அவற்றுள் இன்டர்லூக்கின்-6 என்பதைக் குறைத்ததாக 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செல்களிலும் சுண்டெலிகளிலும் காட்டினர்.

இதன் முக்கியத்துவம் 2017-இல் இன்னும் தெளிவானது. அமெரிக்க நரம்பியலாளர் பென் பாரஸின் ஆய்வகத்தில் ஷேன் லிட்டலோ முதலியோர், கிளர்ந்த மைக்ரோகிளியா வெளியிடும் மூன்று புரதங்கள் சேர்ந்து விண்மீன் செல்லையே மாற்றி, அது நியூரான்களைப் பேணுவதை விட்டு அவற்றைக் கொல்லும் நிலைக்குத் தள்ளுவதைக் கண்டனர். எனவே மைக்ரோகிளியாவின் கிளர்ச்சியைத் தணிக்கும் எதுவும் இரண்டு படி தள்ளியிருக்கும் நியூரானுக்கு உதவக்கூடும்.

துணைச் செல் வழியாகத்தான் நன்மை நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முறை எளியது. ஒரு தட்டில் விண்மீன் செல்களை மட்டும் வளர்த்து, ஃபிளேவனாய்டைக் கொடுத்து, பிறகு அந்தச் செல்கள் இருந்த வளர்ப்பு நீரை மட்டும் எடுத்து, வேறு தட்டிலுள்ள நியூரான்களுக்கு ஊற்றுகிறார்கள். செல் வரவில்லை, அது சுரந்தது மட்டும் வந்திருக்கிறது. ரியோ டி ஜெனிரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஃபிளாவியா கோமஸ் குழுவினர் இவ்வழியில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து பிரித்த காஸ்டிசின் என்ற ஃபிளேவனாய்டு, மூளைப் புறணியின் இளஞ்செல்கள் மேல் நேரடியாகவும், விண்மீன் செல்கள் வழியாகவும் என இரு பாதைகளில் வேலை செய்தது.

2017-இல் அதே குழுவினர் ஹெஸ்பெரிடினை எடுத்துக்கொண்டனர். அதைப் பெற்ற விண்மீன் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற வளர்ச்சிக் காரணியின் மூலம் நியூரான்களிடையே சினாப்சுகளைக் கூட்டின. ஹெஸ்பெரிடின் பெற்ற சுண்டெலிகளின் நினைவாற்றலும் மேம்பட்டது.

வளர்ப்பு நீரில் மிச்சமிருந்த ஃபிளேவனாய்டே நியூரானில் வேலை செய்திருக்கலாமே?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது; கல்லூரியில்கூட இதைக் கேட்டவர்கள் குறைவு. இதற்கு மூன்று காப்புகள் வேண்டும். ஃபிளேவனாய்டு கொடுத்த பின் செல்களைக் கழுவி, புதிய நீரை ஊற்றி, அதன்பின் சுரப்பதை மட்டும் எடுக்க வேண்டும். செல்லே இல்லாத தட்டில் ஃபிளேவனாய்டை விட்டு, அதே போலக் கழுவி எடுத்த நீர் எதையும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். மூன்றாவதாக, சுரக்கும் பொருள் எது என்று சொல்கிறோமோ அதைத் தடுத்துப் பார்க்க வேண்டும். தடுத்ததும் விளைவு மறைந்தால் வழி உறுதியாகிறது.

இவ்வளவு செய்தாலும் ஓர் ஓட்டை இருக்கும். செல்லுக்குள் தங்கி, மீத்தைல் ஒட்டப்பட்டு, மெதுவாக வெளியேறும் வடிவம் கழுவிய பின்னும் நீரில் வரலாம். அது துணைச் செல்லின் பக்குவத்தால் வந்த விளைவு என்பதால், ஒருவகையில் நம் கருத்துக்கு எதிரானதும் அல்ல.

காஸ்டிசின் நம்ம ஊர் நொச்சியிலும் இருக்கிறதாமே? நாங்கள் சளிக்கு நொச்சி வேதுதான் பிடிக்கிறோம்.

நொச்சியில் காஸ்டிசின் இருப்பது உண்மை. ஆனால் வேதில் எழும்பி வருவது எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். காஸ்டிசின் அப்படி ஆவியாகும் பொருள் அல்ல, சட்டியிலேயே தங்கிவிடும். மூக்கடைப்புக்கு வேது பிடிப்பதில் எனக்குத் தகராறு இல்லை. அதை நியூரான் வளர்ச்சியோடு முடிச்சுப் போட்டால் மட்டும் தகராறு. நொச்சி இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். இந்த ஆய்வை நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கத்தானே வேண்டும்?

நடக்கலாம், நடக்காமலும் போகலாம். மனிதனின் விண்மீன் செல் சுண்டெலியினுடையதைவிட விட்டத்தில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது. கிளைகள் பத்து மடங்கு. குடல் பாக்டீரியாக்களும் வேறு. தட்டில் பயன்படுத்தும் அளவு பெரும்பாலும் மைக்ரோமோலார். மூளையில் சேர்வது அதில் மிகச் சிறு பங்கு. தட்டில் விடுவது பெரும்பாலும் தாவரத்தில் உள்ள வடிவம். மூளை காண்பது உடை மாற்றிய வடிவம்.

மனிதரிடம் நடந்த பெரிய சோதனைகளுள் ஒன்று அமெரிக்காவின் காஸ்மாஸ். முதியவர்கள் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் (ஃபிளேவனாய்டில் ஒரு கிளை) எடுத்துக்கொண்டனர். 2,262 பேரை மூன்றாண்டு பின்தொடர்ந்த கிளை ஆய்வில் அறிவாற்றலுக்குப் பலன் தெரியவில்லை. 3,562 பேர் கொண்ட மற்றொரு கிளை 2023-இல் வெளியானது; அதிலும் மொத்தமாகப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. ஆனால் ஏற்கெனவே உணவில் ஃபிளேவனால் குறைவாக இருந்தவர்களுக்கு நினைவாற்றல் ஓரளவு மேம்பட்டது. காய்கறியும் கீரையும் நித்தம் உண்பவருக்குக் கூடுதல் மாத்திரை என்ன செய்துவிடும் என்ற என் ஐயம் இதிலிருந்து வந்ததுதான்.

ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்கிற எனக்கும் தங்கைக்கும் பலன் வேறாக இருக்குமா?

இருக்கும். சோயாவின் டெய்ட்சீன் என்ற ஃபிளேவனாய்டை ஈக்குவால் என்ற வேறு வடிவமாக மாற்றும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இல்லை. மேலே சொன்ன மீத்தைல் மாற்றி நொதியின் வேகமும் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அப்பத்தாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. குவெர்செட்டின் கேப்சூல் வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும்கூட மறதியைத் தரும், அவை சரிசெய்யக்கூடியவை. கேப்சூலில் இருக்கும் அளவு சாப்பாட்டின் அளவு அல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல், பச்சைத் தேயிலைக் கேட்டச்சினை மாத்திரையாகத் தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளோடு தொடர்புடையது என்று எச்சரித்தது.

அப்பத்தா இரத்தம் உறையாமல் இருக்கவோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாசும் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துச் சில மருந்துகளின் அளவை உயர்த்திவிடும். அங்கே முதன்மைக் காரணம் ஃபிளேவனாய்டு அல்ல, ஃபியூரானோகூமரின். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் என்டகபோன், நாம் பார்த்த அதே மீத்தைல் மாற்றியைத் தடுக்கும் மருந்து. அதே நொதிக்குப் போட்டியிடும் பொருளைக் கேப்சூலாகச் சேர்ப்பதற்கு முன் மருத்துவரைக் கேளாமல் இருக்கக் கூடாது. சின்ன வெங்காயச் சாம்பாருக்கும் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் கேப்சூலைப் பற்றிய இந்த எச்சரிக்கை பொருந்தாது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் மட்டும் வேண்டாம். இரும்புச் சத்து ஏறுவதை அது குறைக்கும்.

துணைச் செல்லைத் தூண்டுவது எப்போதும் நன்மைதானே?

அல்ல. கீப்1-ஐத் தீண்டுவது ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவம் என்று சொன்னேன். அதே வடிவம் அளவு மிஞ்சினால் செல்லின் குளுட்டாதயோனையே தின்றுவிடும், மற்றப் புரதங்களையும் கெடுக்கும். வளர்ப்புத் தட்டில் குவெர்செட்டின் குறைந்த அளவில் காப்பதும் கூடிய அளவில் கொல்வதும் பலமுறை காணப்பட்டவை. டிஜிஎஃப்-பீட்டா சினாப்சுகளுக்கு உதவினாலும், காயம்பட்ட இடத்தில் வடுத் திசு உருவாவதிலும் அதற்குப் பங்குண்டு. மைக்ரோகிளியாவை முற்றிலும் அடக்கினால் கிருமியையும் இறந்த செல்லையும் அகற்ற ஆளிருக்காது. என்ஆர்எஃப்2 சில புற்றுச் செல்களில் ஓயாமல் இயங்கி, சிகிச்சையிலிருந்து அவற்றையே காப்பாற்றுகிறது. அதனால்தான் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இத்தகைய கேப்சூல்களைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது என்று அவர்களுடைய மருத்துவர்கள் சொல்கிறார்கள்.